உச்சிவேளையில் மட்டும் கோணம் வரவில்லை: சைன் தொடரில் எவ்வளவு பிழை தாங்கும்?

வெயில்டீச்சர்:
பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரோடு சேர்ந்து, சூரியன் போகும் பக்கம் திரும்பும் சின்ன சோலார் தட்டு ஒன்று செய்கிறோம். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார் இரண்டு. அதிலேயே சைன் இருக்கிறது, தெரியும். பாடத்தில் படித்த மெக்லாரின் தொடரை அவர்களே எழுதிப் பார்க்கட்டும் என்று விட்டேன். கோணம் க ரேடியன் என்றால், க − க³/6 + க⁵/120. கொசைன் வேண்டுமென்றால் 90°இலிருந்து கழித்து அதே சார்புக்குக் கொடுக்கிறோம். சைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் திருப்பித் தரும் ஆர்க்சைன் மட்டும் ஆர்டுயினோவின் நிரல் நூலகத்திலிருந்து.

காலையும் மாலையும் அழகாக வேலை செய்கிறது. சென்னையின் அட்சம் 13°, ஏப்ரல் கடைசி வாரத்துக்கான விலக்கம் (சூரியன் வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே விலகிய கோணம்) 13° என்று போட்டு, நண்பகலை வைத்தால் சூரியன் நேர் உச்சியில் இருக்க வேண்டும். திரையில் எண்ணே இல்லை, ‘என்ஏஎன்’ (‘எண் அல்ல’) என்று வருகிறது. பிள்ளைகள் இரண்டு நாளாக வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுகிறார்கள். எனக்குத் தொடர் மேல்தான் சந்தேகம்.

அரைபிட்:
உங்கள் சந்தேகம் சரி டீச்சர், வயரை விட்டுவிடச் சொல்லுங்கள். குறிகள் மாறி மாறி வரும் தொடர் இது. இந்தக் கோணங்களில் உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போவதால், விட்டுவிட்ட முதல் உறுப்பைப் பிழை தாண்டாது. அதாவது க⁷/5040. 45°இல் அது வெறும் 0.00004. 90°இல் 0.0047. உண்மையில் உங்கள் சார்பு 90°க்கு 1.0045 தரும்.

இனி உங்கள் நண்பகல் கணக்கை, அதாவது சூரியனின் உயரக் கோணத்துக்கான சைனை, அட்சமும் விலக்கமும் வைத்துப் போடுங்கள். இரண்டு சைன் 13°இன் பெருக்கல் 0.0506. கொசைன் 13° இரண்டு, மணிக்கோணத்தின் (நண்பகலிலிருந்து சூரியன் நகர்ந்த கோணம், இங்கே 0°) கொசைன் ஒன்று, மூன்றும் பெருகி 0.9567. கூட்டினால் 1.0073. ஒன்றைத் தாண்டிய எண்ணுக்கு ஆர்க்சைன் எங்கிருந்து வரும்?

மெக்லாரின் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் மட்டும் பாசம் காட்டும். பிழையை 0 முதல் 90° வரை பரப்பிவிடும் கெழுக்களைப் போடுங்கள்: க × (1 − 0.16605 க² + 0.00761 க⁴). பெருக்கல் எண்ணிக்கை அதேதான், பெரும் பிழை 0.0045இலிருந்து 0.00016க்கு இறங்கும். உங்கள் தொடரில் இன்னொரு உறுப்பு சேர்த்தால் கிடைப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

பழையகணக்கு:
7ஆம் நூற்றாண்டில் முதலாம் பாஸ்கரர் தந்த சூத்திரத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கோணம் பாகையில், அதை 180இலிருந்து கழித்ததோடு பெருக்குங்கள். அந்தப் பெருக்கலை 4 மடங்காக்கி, 40500இலிருந்து அதே பெருக்கலைக் கழித்ததால் வகுங்கள். 30°க்கு 18000/36000, மிகச் சரியாக அரை. 90°க்கும் துல்லியம். 10° பக்கம் 0.0016 பிசகும், அதனால் உங்கள் தட்டுக்கு வேண்டாம். ஆனால் ஒரே பின்னத்தில் இவ்வளவு கிடைப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

வெயில்டீச்சர்:
அரைபிட் சார், புதுக் கெழுக்கள் போட்டோம். ‘என்ஏஎன்’ போய்விட்டது. ஆனால் 90 வர வேண்டிய இடத்தில் 88.65 என்கிறது. 0.00016 பிழை எப்படி 1.35° ஆகும்?

அரைபிட்:
இதை நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது உங்கள் கூட்டுத்தொகை 0.99972 இருக்கும். ஒன்றுக்கு 0.00028 குறைவு. உச்சியருகே சைன் வளைவு படுத்துவிடுகிறது. கோணம் ஒன்றரைப் பாகை நகர்ந்தாலும் சைன் அசைவதே தெரியாது. தலைகீழாகப் போகும்போது அது நம்மைப் பழிவாங்கும்: குறைவை இரட்டித்து வர்க்கமூலம் எடுங்கள், 0.0235 ரேடியன், அதாவது 1.35°. சைனை எவ்வளவு துல்லியமாக்கினாலும் இந்த வர்க்கமூலம் போகாது.

வழியை மாற்றுங்கள். சூரியன் இருக்கும் திசையைக் கிழக்கு, வடக்கு, மேல் என மூன்று கூறுகளாக்குங்கள். மேல் கூறு இப்போது ஆர்க்சைனுக்குள் போகும் அதே தொகைதான். கிழக்கு, வடக்கு இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்து, மேல் கூறையும் அதையும் இரண்டு எண்களை வாங்கிக் கோணம் தரும் இரட்டை ஆர்க்டேன் (atan2) சார்புக்குக் கொடுங்கள். உச்சியில் வடக்குக் கூறு இரண்டு சம எண்களின் கழித்தல், அதே சார்பிலிருந்து வருவதால் பிழையும் கழிந்துபோகும்.

அப்புறம் ஒன்று. ஏப்ரலில் சூரிய உதயத்தின்போது மணிக்கோணம் 90°ஐக் கொஞ்சம் தாண்டும். அந்தக் கெழுக்கள் 90° வரைக்கும்தான், அதற்கு மேல் 180°இலிருந்து கழித்துக் கொடுங்கள்.

வெயில்டீச்சர்:
90.00! ஆர்க்சைன் வரியை அழிக்காமல் பக்கத்திலேயே ஓடவிட்டு, நிமிடத்துக்கு நிமிடம் இரண்டு கோணத்தையும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். 11 மணிக்கு எவ்வளவு பிசகுகிறது என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.