பாயின்ட்டுக்குத் தமிழ்ச்சொல்: தொடுமுனையைத் திரும்பப் பெறுகிறேன்

சேலத்திலிருந்து, ஞாயிறு இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கார்ப் பழுதுபார்ப்புச் சொற்பட்டியலில் பாயின்ட் என்பதற்கு, அதாவது பழைய பெட்ரோல் இன்ஜின்களில் பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கிற சின்ன சுவிட்சுக்கு, "தொடுமுனை" என்று நான்தான் எழுதிச் சேர்த்தேன். யாரும் மறுக்கவில்லை. இப்போது நானே அதைத் திரும்பப் பெறுகிறேன். காரணம் சொல்ல வேண்டுமென்றால் ஏற்காட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்பா காலத்து அம்பாசடர் ஒன்று இருக்கிறது. நேற்றுக் குடும்பத்தோடு மேலே போனோம். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. ஆட்கள் அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி ஒண்டிக்கடைப் பக்கம் உறவினர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். காலையில் பார்த்தால் எதிரே நிற்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாத பனி. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவே இல்லை.

மலைப்பனியில் நின்ற வண்டி என்றால் முதல் சந்தேகம் ஈரம்தான். ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரம் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் துடைத்தேன், பிளக் ஒயர்களையும் துடைத்தேன். பலன் இல்லை. ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு அதன் உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துவிட்டு, மகனைச் சாவி திருகச் சொன்னேன். பொறி இல்லை. பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்குகிற காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வரும் நடு ஒயரை ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, இன்ஜினுக்குக் கால் அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தேன். அங்கும் இல்லை. அப்படியென்றால் மூடி, அதற்குள் சுற்றுகிற ரோட்டர், பிளக் எதன் மேலும் பழியில்லை. காயில், கண்டன்சர், பாயின்ட், சாவியிலிருந்து வரும் ஒயர், இவைதான் மிச்சம்.

மூடி திறந்தேதான் இருந்தது. அதற்கு அடியில் இருக்கும் பாயின்ட்டைக் குனிந்து பார்த்தேன். இரண்டு முனைகளும் பொருந்தித் தொட்டுக்கொண்டிருந்தன. தொடுமுனை தொடுகிறது, அப்புறம் என்ன, அது சரியாக இருக்கிறது என்று அடுத்ததற்குப் போய்விட்டேன். காயில்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி, கீழே சேலத்தில் இருக்கும் மைத்துனருக்குப் போன் போட்டுப் புதுக் காயில் வாங்கி வரச் சொன்னேன். இடையில் தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளவும் செய்தார்கள். பேட்டரி இறங்கியிருந்தாலோ செல்ஃப் கெட்டிருந்தாலோ தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். பொறியே இல்லாத வண்டியை எவ்வளவு தள்ளினாலும் எடுக்காது.

பிறகு எஸ்டேட் ஜீப்புகளைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்தார். அவர் கையில் இருந்தது ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், அவ்வளவுதான். ஒரு ஒயரை இன்ஜின் இரும்பில் வைத்தார். இன்னொன்றைக் காயிலில் பாயின்ட்டுக்குப் போகிற சின்ன ஒயரின் பக்கம் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். பாயின்ட் வேலை செய்தால் பல்பு மினுக் மினுக்கென்று விட்டு விட்டு எரிய வேண்டும். எரியவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து அதன் ஓரத்தைப் பாயின்ட்டின் இரண்டு முனைக்கும் நடுவே மெல்லச் செருகினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"காயில் நல்லா இருக்குதுங்க. பாயின்ட்டுதான் கண்ணே தொறக்கல. மூடுன மேனிக்கே கிடக்குது" என்றார்.

பாயின்ட்டின் அசையும் கையில் ஒரு பைபர் குமிழ் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவே மேடு மேடாக இருக்கும் தண்டான கேம் சுற்றும்போது அந்தக் குமிழைத் தள்ளித்தான் முனைகளைப் பிரிக்கிறது. கேமுக்கு கிரீஸ் வைக்காமலே நான் ஓட்டியதில் குமிழ் தேய்ந்துபோயிருந்தது. இடைவெளி நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் அடைத்தே போயிற்று. முந்தின நாள் இழுவை குறைந்ததற்கும் அதுதான் காரணம். இடைவெளி குறையக் குறையப் பொறி தாமதமாக விழும். அண்ணன் கேம் மேட்டில் குமிழ் ஏறி நிற்கும்படி இன்ஜினைக் கையால் திருப்பி, ஸ்க்ரூவைத் தளர்த்தி, அதே கார்டு லேசாக உரசிப் போகும் அளவுக்கு இடைவெளி வைத்து இறுக்கினார். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 15 பங்கு, கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர். முதல் திருகலிலேயே இன்ஜின் எடுத்தது.

நண்பர்களே, என் சொல்லே என்னைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டது. முனைகள் தொட்டிருக்கும்போது காயிலின் முதற்சுற்றான தடித்த சுற்றில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் ஏறுகிறது. பொறி அப்போது வருவதில்லை. முனைகள் பிரிகிற கணத்தில் அந்தப் புலம் சட்டென்று சரிய, மெல்லிய கம்பியின் பல்லாயிரம் சுற்றுகளில் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் எழும்புகிறது. பொறி பிறப்பது பிரியும்போதுதான். கண்டன்சர் இருப்பதும் அந்தப் பிரிவுக்காகவே. அது இல்லாவிட்டால் மின்சாரம் பாயின்ட்டின் இடைவெளியிலேயே தாவி எரிந்து, புலம் மெதுவாகச் சரியும், பொறி சோர்ந்துபோகும். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் பாயின்ட் வினாடிக்கு 100 முறை பிரிகிறது. இத்தனையும் பிரிவில் இருக்க, நாம் தொடுதலைப் பெயராக வைத்திருக்கிறோம்.

"விடுமுனை" என்று மாற்றலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து, திங்கள் காலை

அண்ணா, காரணம் முழுக்கச் சரி. ஆனால் உங்கள் மடலுக்குப் பதில் எழுதும்போது விடுமுனை என்று மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் கைபேசி அதை விடுமுறை ஆக்கிவிட்டது. அச்சிலும் இதே தவறு வரும். "பிரிமுனை" என்றால் பொருளும் மாறாது, இந்தச் சிக்கலும் வராது. பிரிமுனை இடைவெளி, பிரிமுனை கரிந்தது என்றெல்லாம் தடங்கலில்லாமல் எழுதலாம்.

மதுரையிலிருந்து, திங்கள் மதியம்

தம்பிகளுக்கு வணக்கம். மின்னியல் பாடம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன், "முனை" வேண்டாம். பேட்டரியில் நேர்முனை, எதிர்முனை என்று மாணவர்கள் படித்திருக்கிறார்கள். காயிலில் ஒயர் மாட்டுகிற இடத்தையும் முனை என்றுதான் எழுதுகிறோம். "காயிலின் முனையிலிருந்து பிரிமுனைக்கு" என்று எழுதினால் படிக்கிறவர் எந்த முனையில் விளக்கை வைப்பார்?

இன்னொன்று. சொல் உங்கள் மடலிலேயே இருக்கிறது தம்பி, அந்த அண்ணன் வாயாலேயே வந்திருக்கிறது. கண் திறக்கவில்லை, மூடியே கிடக்கிறது என்றாரே. கண்ணில் மூடித் திறப்பது எது? இமை.

கோவையிலிருந்து, திங்கள் மாலை

அக்கா, கேட்க அழகாக இருக்கிறது. உடலுறுப்பின் பெயரை இரும்புக்கு வைத்தால் கலைச்சொல்லாக நிற்குமா என்பது மட்டும்தான் என் தயக்கம்.

சேலத்திலிருந்து, செவ்வாய் இரவு

அக்கா சொன்னதைப் படித்ததிலிருந்து வேறு சொல் மனதில் ஏறவில்லை. தம்பியின் தயக்கத்துக்குப் பதில் சொல்கிறேன். ஊசிக்குக் காது, குடத்துக்குக் கழுத்து, கட்டிலுக்குக் கால், கோயில் மணிக்கு நாக்கு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு நிறுக்கிற பழைய தராசுக்கும் நா உண்டு. நம் கைத்தொழில்கள் எல்லாமே உடம்பிலிருந்துதான் பெயர் எடுத்திருக்கின்றன. காருக்கு மட்டும் ஏன் கூடாது?

இமை என்ற சொல்லில் நேரமும் இருக்கிறது. மாத்திரைக்கு இலக்கணம் வைத்த அளவே கண்ணிமைப்பும் கைநொடியும்தான். பாயின்ட் எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதைக் கேமின் கோணத்தால் அளக்கிறோமே, அதற்கு நம் பட்டியலில் சொல்லே இல்லை. இனி "இமைமூடு கோணம்" என்று எழுதலாம். இடைவெளி கூடினால் இமைமூடு கோணம் குறையும், காந்தப்புலம் ஏற நேரம் போதாது. படித்த உடனே விளங்குகிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. பொறி எப்போது வரும் என்று இனி யாருக்கும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெற்றிக்கண் எப்போது எரிக்கும்? திறந்தால். இதைக் கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை உண்டா? இந்தச் சொல் சனிக்கிழமையே என் தலையில் இருந்திருந்தால், ஞாயிறு காலை மூடிக் கிடந்த இமையைப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று நகர்ந்திருக்க மாட்டேன்.

தனி இமை என்றால் அகராதியில் குழப்பம் வரும் என்பதால், பட்டியலில் "பொறியிமை" என்று போடலாம். பொறிச்செருகி என்று பிளக்கை ஏற்கெனவே எழுதுகிறோம், அதற்குப் பக்கத்தில் இது பொருந்தி உட்காரும். பேச்சிலும் பட்டறையிலும் இமை என்றாலே போதும். கண்டன்சருக்கு மின்தேக்கி, அதில் மாற்றம் வேண்டாம்.

பதிவு இப்படி இருக்கலாம்: "பொறியிமை: காயிலின் முதற்சுற்றில் ஓடும் மின்சாரத்தைக் கேமின் தள்ளுதலால் துண்டிக்கும் இணைமுனை. மூடியிருக்கையில் காந்தப்புலம் ஏறும். திறக்கையில் பொறி பிறக்கும்." அக்கா, "இணைமுனை" என்று இதில் மறுபடி முனை வந்துவிட்டது. அந்த இடத்துக்கு வேறு சொல் இருந்தால் நீங்களே திருத்திவிடுங்கள்.

கையேட்டின் பொறி வராத வண்டி என்ற பகுதியையும் இன்றே மாற்றி எழுதிப் பார்த்தேன்: "இமை மூடியிருக்கும் நிலையில் சாவியைப் போட்டே வைக்காதீர்கள், காயில் சூடேறிக் கெட்டுவிடும். சோதனை விளக்கைக் காயிலில் இமைக்குப் போகிற பக்கம் வையுங்கள். செல்ஃப் சுற்றும்போது விட்டு விட்டு எரிந்தால் இமை திறந்து மூடுகிறது. எரிந்தே இருந்தால் இமை மூடவில்லை, அல்லது அதன் தொடும் முகம் கரிந்திருக்கலாம். எரியாமலே இருந்தால் நடுவே ஓர் அட்டையைச் செருகிப் பாருங்கள். அப்போது எரிந்தால் இமை திறக்கவில்லை. அப்போதும் எரியாவிட்டால் காயிலையும் சாவி ஒயரையும் பாருங்கள்."

வீட்டில் மகனிடம் இதைக் கொடுத்து வண்டியில் செய்து பார்க்கச் சொன்னேன். என்னிடம் எதுவும் கேட்காமல் கடைசி வரி வரை செய்து முடித்தான். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ரோட்டருக்கு இன்னும் சொல் இல்லை.