புதுப்பிப்பு: கம்பளிக்குப் பதில் பருத்தி நூல்

பின்னல் குறிப்பு கம்பளி நூலில் பின்னச் சொன்ன ஸ்வெட்டரை, அம்மாவுக்குக் கம்பளி அரிப்பதால் பருத்தியில் பின்னலாமா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். பின்னி முடித்துவிட்டேன்!

நூல் வாங்கும்போது எடையைப் பார்க்காதே, எத்தனை மீட்டர் நீளம் என்று பார் என்றீர்களே, அதுதான் காப்பாற்றியது. குறிப்பில் 50 கிராம், 120 மீட்டர் உருண்டை 8. ஆக 960 மீட்டர். என் பருத்தி 50 கிராமுக்கு 100 மீட்டர்தான். எனவே 10 உருண்டை வாங்கினேன்.

முதலில் அளவு பார்க்கப் பின்னும் மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி (பின்னல் வளையம்) வரவேண்டும், 4 மி.மீ. ஊசியில் எனக்கு 20தான் வந்தது. இரண்டு கண்ணிதானே என்று விட்டிருந்தால், 220 கண்ணி உள்ள உடம்புப் பகுதி 100 செ.மீ.க்குப் பதில் 110 ஆகியிருக்கும். 3.5 மி.மீ. ஊசியில் சரியாக வந்தது. துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளந்தேன்.

பருத்தி கனம், தன் எடையிலேயே கீழே இழுபடும். அதனால் நீளத்தை 3 செ.மீ. குறைத்தேன். மணிக்கட்டில் வரும் ரிப் (இறுக்கிப் பிடிக்கும் வரிப் பின்னல்) மட்டும் இன்னும் தொளதொள. இழுத்து விட்டால் மறுபடி சுருங்கும் கம்பளியின் குணம் பருத்திக்கு அவ்வளவாக இல்லை. அதைப் பிரித்து 3 மி.மீ. ஊசியில் மறுபடி பின்னப்போகிறேன். அம்மா அதற்குள் இரண்டு முறை போட்டுவிட்டார், அரிக்கவில்லையாம்.