சாதி வெறுப்புத் தளத்தை முடக்க வழி தெரிந்தவர்கள் உண்டா?

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பையன்களின் படங்களைப் போட்டு, சாதி சொல்லித் திட்டுவதற்கென்றே ஒரு வலைதளம் ஓடுகிறது. அதற்கு இடம் கொடுத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு எழுதினோம். 'கோர்ட் உத்தரவு கொண்டு வாருங்கள்' என்று ஒற்றை வரியில் பதில். கோர்ட் அல்லது அரசு உத்தரவு வந்தால்தான் நிறுவனங்கள் நீக்கியாக வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2015 ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். சரி, ஆனால் 2017இல் டெய்லி ஸ்டார்மர் என்ற நாஜித் தளத்தை வலைதளங்களுக்குப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தானாகத்தானே கைவிட்டது?

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும். அவரிடமிருந்து நான்கு நாளாகச் சத்தமே இல்லை.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இப்படி வழக்கு நடத்திய வக்கீல் யாரையாவது தெரியுமா? சைபர் கிரைம் புகாரோடு எதையெல்லாம் இணைக்க வேண்டும்? ஸ்கிரீன்ஷாட்கள் தேதியோடு இருக்கின்றன. தளத்தின் பெயரை இங்கே போடமாட்டேன், இலவச விளம்பரமாகிவிடும்.