புது ஏ-இசட் லைசென்ஸ்: முதல் கம்பனியை எப்படிப் பிடித்தீர்கள்?

புதுச்சாரதி, ஸ்காபரோ

ரோட் டெஸ்ட் பாஸாகி ஏ-இசட் (ஒன்டாரியோவில் ட்ரெய்லர் ட்ரக் ஓடுவதற்கான லைசென்ஸ்) கைக்கு வந்துவிட்டது. மெல்ட் என்ற கட்டாய ஆரம்பப் பயிற்சி 103.5 மணித்தியாலமும் முடித்தாயிற்று. வேலை தேடினால் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் "இரண்டு வருட அனுபவம்" என்று நிற்கிறது. அனுபவம் கேட்காமல் கூப்பிடுகிற இடங்களோ முதல் போனிலேயே "கோர்ப்பரேஷன் இருக்கா?" என்கிறார்கள், என் பெயரிலேயே பதிவு செய்த கம்பனி வேண்டுமாம். நான் இன்னும் பிஆர் (நிரந்தர வதிவிடம்) தான், சிட்டிசன் ஆகவில்லை. முதல் கம்பனிக்குள் நீங்கள் எப்படி நுழைந்தீர்கள், எதைப் பார்த்துச் சரி என்று சொன்னீர்கள்? மைலுக்கு எத்தனை சதம் என்பதைப் பிறகு பார்க்கிறேன்.

ரீஃபர்காரன், பிராம்ப்டன்

தம்பி, அந்த இரண்டு வருடத்தைக் கேட்பது பெரும்பாலும் கம்பனி இல்லை, அவர்களுடைய இன்சூரன்ஸ். அதனால் "புது ஆட்களை எடுப்பீர்களா" என்று கேட்காமல், "புது ஆளைச் சேர்க்க உங்கள் இன்சூரன்ஸ் என்ன கேட்கிறது" என்று கேட்டுப் பார். பதில் சொல்கிற விதத்திலேயே பாதி விளங்கிவிடும். ஒழுங்கான இடத்தில் சேஃப்டி மேனேஜர் லைனுக்கு வந்து, எங்கே படித்தாய், அப்ஸ்ட்ராக்டில் (உன் ஓட்டுநர் பதிவில்) என்ன இருக்கிறது, ட்ரெய்னரோடு எத்தனை கிழமை போக வேண்டும் என்று கதைப்பார். மற்ற இடத்தில் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கு வா" என்பார்கள்.

நான் இரண்டு வகையையும் பார்த்தேன். ஒரு யார்டில் முதலாளியே வெளியே வந்து திறப்பை நீட்டினார். வின்னிபெக்குக்கு லோட், இரவே வெளிக்கிட வேண்டும். அது ஜனவரி. ஸூ செயின்ட் மரி தாண்டி வாவா பக்கம் 17ஆம் இலக்க நெடுஞ்சாலை ஒரு பக்கத்துக்கு ஒரே லேன்தான். பனி கொட்டினால் றோட்டையே மூடிவிடுவார்கள். "அந்தப் பக்கம் முன்னம் போயிருக்கிறாயா?" என்றுகூட அவர் கேட்கவில்லை. திறப்பை வாங்காமலே வந்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தில் ரோட் டெஸ்ட் என்று கூப்பிட்டார்கள். றோட்டில் ஓடியது கொஞ்ச நேரம்தான், மிச்சம் முழுக்க யார்டுக்குள். ட்ரெய்லரைக் கொளுவச் சொல்லிவிட்டு டெஸ்ட் எடுத்த மனிசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் குனிந்து டோர்ச் அடித்து, ஐந்தாம் சக்கரத்தின் (ட்ரக்கில் ட்ரெய்லரைக் கொளுவும் தட்டு) பிடி, ட்ரெய்லரின் அடியில் உள்ள கிங்பின் என்ற முளையைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மேலே இடைவெளி இருக்கிறதா என்றும் பார்த்தேன். பிறகு ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு முன்னால் மெல்ல இழுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்: "சரி, லேண்டிங் கியரை (ட்ரெய்லரின் முட்டுக்கால்களை) உயர்த்து." நான் கீழே குனியாமல் விட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாராம். அங்கேதான் சேர்ந்தேன்.

2018 ஏப்ரல் 6இல் சஸ்காச்சுவானில் ஹொக்கி அணியின் பஸ்ஸும் ட்ரக்கும் மோதிய ஹம்போல்ட் விபத்தை எல்லாருக்கும் தெரியும், 16 பேர் இறந்தார்கள். அந்த ட்ரக்கை ஓட்டியவர் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு கிழமை பயிற்சிக்குப் பிறகு தனியே விடப்பட்டவர். அவருக்கு 8 வருடச் சிறை. முதலாளி, பாதுகாப்பு விதிகளை மீறியதற்காக 5,000 டொலர் தண்டம் கட்டினார். "ட்ரெய்னிங் எல்லாம் தேவையில்லை, நீ நல்லா ஓடுகிறாய்" என்று யாராவது தட்டிக்கொடுத்தால் இந்த இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்.

டி4 மட்டும், மார்க்கம்

கோர்ப்பரேஷன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் அதே போன் வந்தது. நேரில் போனேன். (டி4 என்பது ஊழியராக வேலை செய்பவருக்கு முதலாளி தரும் வருடாந்தச் சம்பளச் சீட்டு.) "டி4இல் எடுத்தால் கையில் வருவது குறையும், இன்கோர்ப்பரேட் பண்ணினால் முழுக் காசும் உனக்கு" என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ட்ரக் யாருடையது, டீசல் யார் அடிப்பது, எந்த லோட்டை எப்போது எடுப்பது என்று யார் முடிவு செய்வது என்று கேட்டேன். எல்லாம் அவர்களே. "அப்ப நான் எதை வைத்து பிசினஸ்காரன்?" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதைத்தான் இங்கே டிரைவர் இன்க் என்கிறார்கள். மாகாணம் தாண்டியோ எல்லை தாண்டியோ ஓடுகிற கம்பனி மத்திய தொழில் சட்டத்துக்குள் வரும். ஊழியரைக் கொன்ட்ராக்டர் என்று எழுதி வைப்பது அந்தச் சட்டத்தில் 2021இல் இருந்து தடை. ஈஐ (வேலையில்லாக் காப்புறுதி) இல்லை, விடுமுறைக் காசு இல்லை, சிபிபியில் (கனடா ஓய்வூதியத் திட்டம்) முதலாளி கட்ட வேண்டிய பங்கும் உங்கள் தலையில். வருமான வரிக்காரர் அந்தக் கோர்ப்பரேஷனை 'பேர்சனல் சர்வீசஸ் பிசினஸ்', அதாவது கம்பனிப் பெயரில் வேலை செய்யும் ஊழியர், என்று பார்த்தால் சின்ன பிசினஸுக்கான வரிச் சலுகையும் போய்விடும். விளம்பரத்தில் காட்டிய 'முழுக் காசு' அங்கே கரைந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பொடியன் அப்படிச் சேர்ந்தான். வேறு வழி இருக்கவில்லை, அவனைக் குறை சொல்ல மாட்டேன். வேலையை விட்டபோது கடைசிக் காசில் "ட்ரெய்லர் கதவு டெமேஜ்" என்று ஒரு தொகையை வெட்டினார்கள். படம் கேட்டான், காட்டவில்லை. டி4இல் இருந்திருந்தால் நேராகத் தொழில் திணைக்களத்துக்குப் போயிருக்கலாம். இவன் விஷயத்தில் ஊழியனா, கொன்ட்ராக்டரா என்பதே முதலில் தீர வேண்டி வந்தது.

லோங்ஹோல் அக்கா, ஒஷாவா

ட்ரெய்னர் இருக்கிறாரா என்று கேட்டால் எல்லாக் கம்பனியும் ஓம் என்றுதான் சொல்லும். நான் வேறு மாதிரிக் கேட்டேன்: "நான் ஓட்டுகிற நேரம் ட்ரெய்னர் முன் சீட்டில் இருப்பாரா, பின்னால் படுத்திருப்பாரா?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பல இடங்களில் புது ஆளையும் ட்ரெய்னரையும் டீம் மாதிரி ஓட விடுகிறார்கள். நீங்கள் ஓட்ட அவர் நித்திரை, அவர் ஓட்ட நீங்கள் நித்திரை. லோட் இரண்டு மடங்கு தூரம் போகும், கம்பனிக்கு லாபம். நீங்கள் என்ன படித்தீர்கள் என்பது வேறு கதை.

பெண் என்றால் இன்னும் ஒரு கேள்வி: பயிற்சிக் காலத்தில் இரவு எங்கே படுப்பது? ஒரே கெப்பில் மேல் பங்க் என்றார் ஒரு ரிக்ரூட்டர், அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல. நான் சேர்ந்த கம்பனியில் தனி மோட்டல் அறை தருவோம் என்று கேட்காமலே சொன்னார்கள்.

என் ட்ரெய்னர் பெரிய கதைகாரர் இல்லை. ஒஹாயோவில் ஒரு கிடங்கில் பார்வை இல்லாத பக்கமாக, வலக்கைப் பக்கம் வளைத்துப் பின்னால் எடுக்க வேண்டி வந்தது. நான் கண்ணாடியையே பார்த்துத் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவர் பிரேக்கை இழுக்கச் சொல்லி, என்னையும் இறக்கிப் பின்னால் கூட்டிப்போனார். ட்ரெய்லரின் பின் மூலைக்கும் பக்கத்து ட்ரெய்லருக்கும் நடுவில் தன் கையை நீட்டி அளந்து காட்டினார். "இவ்வளவுதான் இருக்கு. இப்ப போய் ஏறு." ஒவ்வொரு முறையும் இறங்கிப் பார்க்கிற பழக்கம் அங்கேதான் வந்தது. பின்னால் நின்ற டிரைவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

சதக் கணக்கு பிறகு என்கிறீர்கள், ஆனால் எந்த மைல் என்று இப்போதே கேளுங்கள். ஓடிய மைலா, மென்பொருள் சொல்லும் பிராக்டிகல் மைலா (ட்ரக் வழமையாகப் போகும் பாதை), ஷோர்ட் மைலா (மிகக் குறுகிய பாதை)? ஷோர்ட் என்றால் ஒவ்வொரு ட்ரிப்பிலும் கொஞ்சத் தூரம் சும்மா ஓடுவீர்கள். வெற்று ட்ரெய்லரோடு திரும்பும் மைலுக்குக் காசு உண்டா, அம்பாசடர் பிரிட்ஜிலோ சார்னியாவில் புளூ வோட்டர் பிரிட்ஜிலோ பேப்பர் கிளியர் ஆகாமல் நின்றால் எத்தனையாவது மணித்தியாலத்தில் இருந்து காசு, என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் டிஸ்பாட்சர், லோட்டையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்துகிறவர். கையெழுத்து வைக்க முன் பத்து நிமிடம் அவரோடு கதைக்க விடுங்கள் என்று கேட்டேன். கனடாவுக்குள் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் ஓட்டலாம், அமெரிக்காவுக்குள் 11. "அமெரிக்காவில் 11 முடிந்து கிடங்கு வாசலில் நிற்கிறேன், உள்ளே இடம் தர மாட்டோம் என்கிறார்கள், என்ன செய்வீர்கள்?" ஒருவர் "பேர்சனல் மோட் போட்டு அடுத்த ட்ரக் ஸ்டொப்புக்குப் போய்விடு, பிறகு அப்படியே வந்துவிடு" என்றார். அந்த மோட் வேலை இல்லாத நேரத்துச் சொந்த ஓட்டத்துக்கு, அவர் சொன்னதோ லோட்டோடு, மிச்ச ஓட்டத்துக்கும். கனடாவில் அந்த மோட் ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர், அதுவும் லோட் இல்லாமல். இன்னொருவர், "முதலே எனக்கு மெசேஜ் போடு, அப்பொயின்ட்மென்ட் மாற்றுவது என் வேலை" என்றார். இரண்டாமவரின் கம்பனியில் ஒரு மைலுக்கு இரண்டு சதம் குறைவு என்றாலும் நான் அங்கேதான் போவேன்.

நம்பர் பார்க்கிறவன், மிசிசாகா

போனில் சொல்வதை நம்பத் தேவையில்லை. கம்பனி எல்லை தாண்டி ஓடுகிறது என்றால் அமெரிக்காவின் எஃப்எம்சிஎஸ்ஏ (ட்ரக் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனம்) நடத்தும் சேஃபர் தளத்தில் பெயரையோ டிஓடி (போக்குவரத்துத் திணைக்களம்) இலக்கத்தையோ போடுங்கள், காசில்லை. எத்தனை ட்ரக், எத்தனை டிரைவர், கடந்த 24 மாதத்தில் எத்தனை சோதனை, அதில் எத்தனை வீதம் றோட்டிலேயே நிறுத்தப்பட்டது, நாட்டுச் சராசரி என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் வரும். மூன்றே மூன்று சோதனை கண்ட சின்னக் கம்பனியின் வீதத்தை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோவில் கம்பனியின் சிவிஓஆர் அப்ஸ்ட்ராக்டை (மாகாணம் வைத்திருக்கும் பாதுகாப்புப் பதிவை) யாரும் சிறு கட்டணம் கட்டி எடுக்கலாம். பாதுகாப்புத் தரம் 'கண்டிஷனல்' என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பிஆர் என்கிறீர்கள். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு என்றால் அமெரிக்காவுக்குள் ஓட விசா வேண்டும். அது வரும் வரை கனடா மட்டும் ஓடும் வேலையைத் தேடுங்கள். கஞ்சா இங்கே 2018 ஒக்டோபரில் சட்டமானது, ஆனால் அமெரிக்க ஓட்டத்துக்கான டிஓடி போதைப்பொருள் பரிசோதனையில் அந்தக் கதை எடுபடாது. பிடிபட்டால் கிளியரிங்ஹவுஸ் என்ற அமெரிக்கப் போதைப் பரிசோதனைப் பதிவில் ஏறும், அடுத்த கம்பனியும் பார்க்கும்.

சின்னக் கம்பனிதான், வோன்

எல்லாரும் பெரிய கம்பனி, சேஃப்டி டிபார்ட்மென்ட் என்கிறீர்கள். நான் தொடங்கியது கை விரலில் எண்ணக்கூடிய ட்ரக்குகள் வைத்திருந்த ஒருவரிடம். ஆனால் முதலில் றோட்டுக்கே விடவில்லை. யார்டில் ஷண்ட். இரவு முழுக்க ட்ரெய்லர்களைக் கதவில் இருந்து எடுப்பது, வரிசையில் விடுவது, திரும்பக் கதவில் வைப்பது. மணித்தியாலச் சம்பளம், மதிப்புக் குறைந்த வேலை என்று கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். நீண்ட ஓட்டத்துக்குப் போனவன் ஒரு கிழமையில் சில தரம்தான் பின்னால் எடுப்பான். நான் ஒரே இரவில் அதைவிடக் கூட எடுத்தேன். பின்னால் எடுப்பதில் எனக்கு இன்று வரை பயம் இல்லை என்றால் அதற்குக் காரணம் அந்த யார்டு.

இன்னொன்று. 2022 ஜூலை 1க்குப் பிறகு ஒன்டாரியோவில் ஓட்டோமெட்டிக் ட்ரக்கில் டெஸ்ட் எடுத்தவர் என்றால் லைசென்ஸில் மனுவல் ஓடக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். சின்ன இடங்களில் இன்னும் பழைய மனுவல் ட்ரக் நிற்கும். போக முன் கேளுங்கள், இல்லையென்றால் வீணாக ஒரு நாள்.

புதுச்சாரதி, ஸ்காபரோ

எல்லாருக்கும் நன்றி. கையில் இருந்த நான்கு கம்பனிகளை சேஃபரில் பார்த்து இரண்டை வெட்டிவிட்டேன். மிச்சம் இரண்டும் டி4. ஒன்று யார்டு ஷண்ட். மற்றது கனடா மட்டும், மொன்ட்ரியால் ஓட்டம், ட்ரெய்னர் முன் சீட்டில்தான் என்று மின்னஞ்சலிலேயே எழுதித் தந்தார்கள். ஆனால் ஒரு பேப்பர் இருக்கிறது: ஒரு வருடத்துக்குள் விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். இது வழமையா?

ரீஃபர்காரன், பிராம்ப்டன்

சில இடங்களில் கேட்பார்கள். மூன்று விஷயத்தைப் பார்: தொகை எழுதியிருக்கிறதா, நீ வேலை செய்யும் மாதங்களுக்கு ஏற்ப அது குறைகிறதா, அவர்களே உன்னை நிறுத்தினால் யார் கட்டுவது. அங்கேயே நின்று கையெழுத்துப் போடாதே, ஒரு பிரதி கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து வாசி.

புதுச்சாரதி, ஸ்காபரோ

பிரதி அனுப்பிவிட்டார்கள். தொகை இருக்கிறது, மாதத்துக்கு மாதம் குறைகிறது. அவர்கள் நிறுத்தினால் என்ன என்பதுதான் இல்லை, அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். ரோட் டெஸ்ட் திங்கள் காலை. டோர்ச் வாங்கியாயிற்று, அண்ணா.