மூடிய மருத்துவமனைக் கட்டடத்தை மூத்தோர் நிலையமாக்க அரசு மானியம் கிடைக்குமா?

நற்பணிமனை கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரில் 1930களில் கட்டப்பட்டு, பிறகு மூடப்பட்ட ஒரு மருத்துவமனைப் பகுதி. நிலம் அரசுடையது. இரண்டு மாடி, தரைப்பரப்பு ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். கீழே மூத்தோர் பகல்நேரப் பராமரிப்பு, மேலே தாதிமை இல்லம், முன்பக்கம் ஒரு சிறிய உணவுக்கடை என்பது எங்கள் அறநிறுவனத்தின் திட்டம். புதுப்பிக்க 3 மில்லியன் வெள்ளி ஆகும் என்று தோராயக் கணக்கு வந்திருக்கிறது. இதில் பாதியை அரசு தருமா? மரபுடைமை நிதி, பசுமைக் கட்டட ஊக்கத்தொகை, சொத்து வரி விலக்கு இவற்றில் எது பொருந்தும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலவழி:

கட்டடத்தைப் புதுப்பிப்பதற்கென்று அரசு மொத்தமாக ரொக்கம் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. காரணம் நிலத்திலிருந்தே தொடங்குகிறது. அரசு மருத்துவமனை இடம் மாறினால் பழைய இடம் மருத்துவமனைக் குழுமத்தின் கையில் தங்குவதில்லை, அரசிடமே திரும்புகிறது. அதைப் பராமரித்து வாடகைக்கு விடுவது சிங்கப்பூர் நில ஆணையம். நிலம் விற்ற பணம் அந்த ஆண்டு வரவுசெலவுக்குப் போகாமல், முந்தைய ஆட்சிக்காலங்களில் சேர்ந்த சேமிப்பான கடந்தகால நிதியிருப்பில் சேர்கிறது. அந்த நிதியிருப்பின் நீண்டகால முதலீட்டு வருமானத்தில் அதிகபட்சம் பாதியைத்தான் வரவுசெலவுத் திட்டம் எடுத்துக்கொள்ள முடியும். அதனால் நிலத்தைச் சந்தை மதிப்புக்குக் குறைவாகத் தருவது சாதாரணச் சலுகையாக எண்ணப்படுவதில்லை. "நல்ல காரியம்தானே, சும்மா தரலாமே" என்ற வாதம் அங்கே எடுபடாது.

காலிக் கட்டடங்கள் பெரும்பாலும் ஏலக்குத்தகைக்கு வரும். இப்போது பல இடங்களில் வாடகைத் தொகையோடு திட்டத்தின் தரத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஓர் அறநிறுவனம் வெல்லக்கூடிய வழி அதுதான். கட்டடம் இருக்கிறபடியே ஒப்படைக்கப்படும், பழுதுபார்ப்பது உங்கள் பொறுப்பு. குத்தகை பெரும்பாலும் 3 ஆண்டு, புதுப்பிக்கும் வாய்ப்போடு 9 ஆண்டு வரை.

உங்கள் 3 மில்லியனை இந்தக் காலத்தோடு வகுத்துப் பாருங்கள். 9 ஆண்டு உறுதியாக இருந்தால் மாதம் 27,800 வெள்ளி அளவு. முதல் 3 ஆண்டோடு நின்றுவிட்டால் மாதம் 83,300. வாடகை, ஊழியர் சம்பளம் எல்லாம் இதற்கு மேல்தான். இத்தகைய திட்டங்கள் தடுமாறுவது மானியம் குறைந்ததால் என்பதைவிட, குத்தகைக் காலத்துக்குள் முதலீடு திரும்பாததால்தான். பழைய சாங்கி மருத்துவமனை 1997-ல் சேவையைச் சீமெய்க்கு மாற்றிக்கொண்டபின் அந்த மலைமேட்டுக் கட்டடங்கள் எத்தனை ஆண்டு காலியாகக் கிடந்தன என்பதை எல்லாரும் பார்த்தோம்.

அரசே பயன்படுத்தினால் கணக்கு வேறு. தேக்காவுக்குப் பக்கத்தில், ஹேம்ப்ஷயர் சாலையில் இருக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத் தலைமையகம் பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைதான்.

சுவரும்கூரையும்:

3 மில்லியன் தோராயக் கணக்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அகற்றும் செலவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 1991-க்கு முன் கட்டிய கட்டடம் என்றால், இடிக்கவோ மாற்றவோ தொடங்குமுன் தகுதிபெற்ற ஒருவர் கல்நார் ஆய்வு செய்தாக வேண்டும். கல்நார் இருந்தால் அகற்றும் வேலை தொடங்க 7 நாளுக்கு முன் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் இதை நெளிகூரைத் தகட்டில் மட்டும் தேடினால் போதாது. கொதிகலன் அறையிலிருந்து சலவைக்கூடத்துக்கும் சமையலறைக்கும் போகும் நீராவிக் குழாய்களின் மேலுறையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே சாயம் பூசி நன்றாக இருப்பதுபோல் தோன்றும். முழங்கை வளைவில் மட்டும் பூச்சு வெடித்து, உள்ளே சாம்பல்வெள்ளைப் பஞ்சு போல நார் தெரியும். ஒப்பந்தக்காரர் தவறவிடுவது அங்கேதான். வேலை பாதியில் நிற்கும், ஆனால் கூலியும் வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும்.

கதிர்ப்பட அறையைத் தனியாகப் பாருங்கள். எக்ஸ்ரே இயந்திரம் கதிரியக்கக் கழிவை விட்டுப்போவதில்லை, அதைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஆனால் சுவரிலும் கதவிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனத்தில் ஈயத்தகடு இருக்கலாம். சாதாரணக் கதவென்று நினைத்துக் கீலைக் கழற்றினால் ஆள்மேல் சாயும் எடை. ஈயத்தைச் சூடாக்கி வெட்டக் கூடாது. அணு மருத்துவப் பிரிவோ கோபால்ட் சிகிச்சையோ இருந்திருந்தால் மட்டும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கதிர்வீச்சுப் பிரிவிடம் அந்த இடம் முறைப்படி விடுவிக்கப்பட்டதற்கான பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய கைகழுவும் தொட்டிகளின் வளைகுழாயில் உடைந்த வெப்பமானிகளின் பாதரசம் தங்கியிருக்கலாம். மின்னாக்கிக்கான டீசல் தொட்டி மண்ணுக்கடியில் உள்ளதா என்று பழைய வரைபடத்தில் தேடுங்கள். இவை எதற்கும் மானியம் கிடையாது, தோராயக் கணக்கில் தனி வரியாகப் போடுங்கள்.

கணக்கர்மேசை:

நீங்கள் கேட்டவற்றைப் பார்ப்போம். தேசிய மரபுடைமைக் கழகத்தின் நினைவுச்சின்ன நிதி, தேசிய நினைவுச்சின்னமாக அரசிதழில் வந்த கட்டடங்களுக்கு, அதுவும் அறநிறுவனமோ வழிபாட்டு அமைப்போ சொந்தமாக வைத்திருப்பவற்றுக்கு. வரலாற்றுத் தலம் என்ற கல்வெட்டுப் பலகை இருந்தாலும் பணம் வராது. ஊட்ரம் மருத்துவமனை வளாகத்தில் 1926-இல் கட்டிய மருத்துவக் கல்லூரிக் கட்டடமும் 1911-இன் டான் டெக் குவான் கட்டடமும் நினைவுச்சின்னங்கள். உங்களுடையது அந்த வகையில்லை.

பசுமைக் கட்டடங்களுக்கான பசுமை முத்திரை ஊக்கத்தொகைக்கு 2022-இல் ஒதுக்கிய தொகை 63 மில்லியன் வெள்ளி. அது தனியார் கட்டட உரிமையாளர்களுக்கு. அரசுக் கட்டடத்தின் குத்தகையாளர் உரிமையாளர் ஆகமாட்டார். இதையும் வரவில் எழுத வேண்டாம்.

சொத்து வரியில் உண்மையான பயன் உண்டு. அறப்பணிக்கென்றே பயன்படும் பகுதிக்கு விலக்குக் கேட்கலாம். ஆனால் உணவுக்கடை அதற்குள் வராது, அந்தப் பரப்புக்கு ஆண்டு மதிப்பில் (ஓர் ஆண்டு வாடகை மதிப்பீட்டில்) 10 விழுக்காடு வரி. கட்டடம் காலியாக இருந்த மாதங்களுக்கு வரியைத் திரும்பக் கேட்கும் பழைய வழி 2014-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

உங்களுக்கு வரக்கூடிய பணம் சேவைக்கானது, சுவருக்கானது இல்லை. வசதிகுறைந்த மூத்தோருக்கான கட்டண உதவி, குடும்பத்தில் ஆளுக்கு எவ்வளவு வருமானம் என்று பார்த்து அந்தந்த மூத்தோர் பெயரில் கணக்கிடப்படுகிறது. ஐபிசி (பொதுநல அமைப்பு) தகுதி பெற்றிருந்தால் நன்கொடையாளருக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு. கட்டட நிதி திரட்ட அதுவே உங்கள் வலுவான கருவி. நன்கொடைக்கு ஈடாகப் பணம் சேர்க்கும் மூத்தோர் சேவைகளுக்கான Community Silver Trust அறநிதி போன்ற திட்டங்களின் நடப்பு விதியை, வேலையை ஒப்பந்தம் செய்யுமுன் எழுத்தில் வாங்குங்கள். முடித்த வேலைக்குப் பின்தேதியிட்டுப் பணம் கேட்டால் கிடைக்காது.

நற்பணிமனை:

மிக்க நன்றி. அப்படியானால் மேல்மாடித் தாதிமை இல்லத்தை விட்டுவிடலாமா? முன்பக்க உணவுக்கடைக்கு நில மேம்பாட்டுக் கட்டணம் வருமா?

நிலவழி:

தாதிமை இல்லத்தை விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. படுக்கையில் இருப்பவர்களைக் குத்தகை முடிந்தது என்று இடம்மாற்றுவது அவர்களுக்குச் செய்யும் கொடுமை. அந்தச் சேவையில் இறங்க விரும்பினால் வேறு வழி இருக்கிறது. சுகாதார அமைச்சே கட்டடத்தைக் கட்டி, நடத்தும் அமைப்பைத் தேர்ந்து குத்தகைக்கு விடுகிறது. கட்டும் செலவு உங்கள் தலையில் விழாது. 2023 டிசம்பரிலிருந்து தாதிமை இல்ல உரிமம் சுகாதாரச் சேவைகள் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

நில மேம்பாட்டுக் கட்டணம், திட்ட அனுமதியால் நில மதிப்பு உயர்ந்தால் வருவது. 2022 ஆகஸ்ட் 1 முதல் நில ஆணையம் வசூலிக்கிறது. கட்டண அட்டவணை மார்ச் 1, செப்டம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை மாறும். உணவுக்கடையை வெளியாருக்கும் விற்கும் வணிக இடமாகக் காட்டினால் இந்தக் கேள்வி எழும், மூத்தோருக்கான உணவறையாகவே வைத்தால் விண்ணப்பம் எளிதாகும். முழு வரைபடத்துக்குக் கட்டடக் கலைஞருக்குப் பணம் கொடுக்குமுன், நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் பூர்வாங்க விண்ணப்பம் ஒன்று போட்டுப் பயன்பாடு ஏற்கப்படுமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சுவரும்கூரையும்:

ஒன்று விட்டுப்போனது. குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதிப்படி, பயன்பாடு மாறினால் இன்றைய விதியைக் காட்ட வேண்டியிருக்கும். பழைய வார்டின் அகன்ற நடைவழியும் படுக்கை ஏற்றும் மின்தூக்கியும் உங்களுக்குச் சாதகம், அவற்றை இடிக்காதீர்கள். மரப்படிக்கட்டு இருந்தால் மட்டும் முதல் நாளே பொறியாளரிடம் காட்டுங்கள்.