குடற்புழு மருந்து கொடுத்தும் கோழிகள் தேறவில்லை: உதவி தேவை

வெட்டாற்றங்கரை:
வணக்கம். எங்கள் பண்ணையில் கோழிகளுக்குக் குடற்புழு இருக்கிறது. மருந்து கொடுத்தோம், இடைவெளி விட்டு மறுபடியும் கொடுத்தோம். ஆனாலும் எச்சத்தில் புழு வந்துகொண்டே இருக்கிறது. தீவனத்தைக் குறையில்லாமல் எடுக்கின்றன, எடைதான் ஏறவில்லை. கொண்டை வெளிறிவிட்டது. முட்டையும் இறங்கிவிட்டது. இங்கே மழை விட்டபாடில்லை. வேறு எந்த மருந்து கொடுத்தால் இது நிற்கும் என்று தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

குத்தாலம் பண்ணை:
ஐயா, எந்தக் கோழி என்றே நீங்கள் எழுதவில்லை. கறிக்கோழியா, கூண்டில் வளரும் முட்டைக்கோழியா, நாட்டுக்கோழியா? வயது என்ன? தரையில் கூளம் போட்டு வளர்க்கிறீர்களா, வெளியே மேய விடுகிறீர்களா? கொடுத்த மருந்து எது? எச்சத்தில் வரும் புழு நீளமாக உருண்டிருக்கிறதா, தட்டையாகத் துண்டு துண்டாக இருக்கிறதா? இதையெல்லாம் துருவிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பெரிய உருண்டைப்புழு கோழியின் குடலுக்குள் போய், முதிர்ந்து, முட்டையிடத் தொடங்குவதற்கு 5 முதல் 8 வாரம் ஆகும். ஆறு வாரத்துக்குள் விற்றுவிடும் கறிக்கோழியில் அந்தப் புழு பெரிய தொல்லையாக வளர்வது அரிது. முட்டையிடும் கோழியில் கதை வேறு.

நாட்டுரகம்:
புழுவைப் பற்றிய கவலையை ஒதுக்கி வையுங்கள். மழைக்காலம், வெளிறிய கொண்டை, எடை ஏறாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அது இரத்தக்கழிச்சல்தான். ஐமீரியா என்னும் ஓரணு உயிரி குடலின் உட்சுவரை அரிப்பதால் வருவது அது, கண்ணுக்குத் தெரியாது, எந்தப் புழுமருந்துக்கும் அடங்காது. கூளம் ஈரமாக இருந்தால் எச்சத்தில் விழுந்த அதன் முட்டையுறைகள் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். டோல்ட்ராசுரில் வாங்கி, சீட்டில் உள்ள அளவுப்படி குடிநீரில் இரண்டு நாள் கொடுங்கள், நின்றுவிடும்.

கூளக்கணக்கு (மூத்த உறுப்பினர்):
தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மருந்தின் பெயரைக் கேட்டு ஓடி வருகிறவர்கள் தங்கள் கொட்டகையின் தரையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. இத்தனை ஆண்டுகளாக இதையே சொல்லி வருகிறேன், புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைப் படிப்பதும் இல்லை. கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்தபின் உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி; மெல்லப் பிரிந்து உதிர்ந்தால் சரி; ஒட்டவே ஒட்டாமல் தூசி பறந்தால் அதுவும் நல்லதன்று. நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்காத கொட்டகை குறைவு. தாழ்வாரம் மூன்று நான்கு அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும், தரை வெளி மட்டத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும், குடிநீர்க் குழாய் ஒழுகக் கூடாது. இவை இல்லாத இடத்தில் எந்த மருந்தும் பணத்தை வாய்க்காலில் விடுவதுதான். கூளத்தின் மேல் சுண்ணாம்பைத் தூவிக் கிளறிவிடுங்கள், புழு முட்டை செத்துவிடும்.

குத்தாலம் பண்ணை:
கூளத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், சுண்ணாம்பைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சுண்ணாம்பு மேல்ஈரத்தை ஓரளவு இழுக்கும். ஆனால் எச்சம் கலந்த ஈரக் கூளத்தில் அது காரத்தன்மையை ஏற்றி அம்மோனியாவைக் கிளப்பிவிடும்; மழைக்காகப் படுதாவை இறக்கிவிட்ட கொட்டகையில் கோழிக்குக் கண் எரிச்சலும் மூச்சுத் தொல்லையும் வரும். உருண்டைப்புழுவின் முட்டைக்குத் தடித்த ஓடு இருப்பதால் வழக்கமான கிருமிநாசினிகளையே அது தாங்கிக்கொள்ளும். ஈரக் கூளத்தை அள்ளி வெளியேற்றுவதும், உலர்ந்த புது உமி போடுவதும், ஒரு தொகுதி கோழி விற்றபின் தரையைத் தீச்சுவாலை கொண்டு சுடுவதும்தான் பயன் தரும்.

கூளக்கணக்கு (மூத்த உறுப்பினர்):
நான் கொட்டகை கட்டிய காலத்தில் இந்தப் பாடத்தை எனக்கு யாரும் எடுக்கவில்லை. சுண்ணாம்பை எப்போது, எவ்வளவு போடுவது என்று தெரிந்தவர்களுக்குத்தான் சொன்னேன்.

வெட்டாற்றங்கரை:
அனைவருக்கும் நன்றி. நாட்டுக்கோழி, ஏறத்தாழ 600 உருப்படி, ஏழு மாத வயது. உமிக் கூளம். மழை இல்லாத பிற்பகலில் பக்கத்துத் தென்னந்தோப்பில் விடுவோம். கொடுத்தது பைபரசின், தண்ணீரில். எச்சத்தில் இரத்தம் இல்லை. எச்சத்தின் மேல் சோற்றுப்பருக்கை போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டு மெதுவாக நெளிகிறது. இறந்த கோழியைப் புதைத்துவிட்டோம்.

கால்நடை மருத்துவர், பாபநாசம் வட்டம்:
சோற்றுப்பருக்கை போல நெளிகிறது என்று நீங்கள் எழுதியது முதல் பதிவிலேயே இருந்திருந்தால் பாதி உரையாடல் மிச்சமாகியிருக்கும். அவை தனித்தனிப் புழுக்கள் அல்ல. குடலுக்குள் இருக்கும் நாடாப்புழுவின் கடைசியில் முதிர்ந்து கழன்று விழும் கண்ணிகள் அவை; ஒவ்வொன்றுக்குள்ளும் முட்டைகள் நிறைந்திருக்கும். புழுவின் தலை சிறுகுடலின் உட்சுவரைக் கொக்கிகளாலும் உறிஞ்சிகளாலும் பற்றிக்கொண்டிருக்கும். தலை தங்கிவிட்டால் கண்ணிகள் மறுபடியும் வளரும். பைபரசின் பெரிய உருண்டைப்புழுவில் முதிர்ந்தவற்றைச் செயலிழக்கச் செய்து வெளியே தள்ளும் மருந்து. நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது. நீங்கள் அதை எத்தனை முறை கொடுத்தாலும் பருக்கைகள் வந்துகொண்டுதான் இருக்கும்.

இனி இது ஏன் உங்கள் பண்ணைக்கு வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனெனில் மருந்தை மாற்றுவதால் மட்டும் இது தீராது. உருண்டைப்புழுவின் முட்டை எச்சத்தோடு விழுந்து, கூளத்திலேயே ஈரத்திலும் வெப்பத்திலும் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தொற்றும் நிலையை அடைந்து, கொத்தும் கோழிக்குள் நேராகப் போகிறது. நாடாப்புழுவுக்கு அந்த வழி கிடையாது. நடுவில் ஒரு சிற்றுயிர் அதன் முட்டையைத் தின்று, அதற்குள் இளம்புழு வளர்ந்து, பிறகு அந்த உயிரைக் கோழி தின்ன வேண்டும். ரெய்லியெட்டினா என்னும் வகையில் நம் கோழிகளில் பரவலாகக் காணப்படும் இனங்களுள் இரண்டு எறும்பின் வழியாகவும் ஒன்று வண்டின் வழியாகவும் வருகின்றன. வேறொரு வகை நாடாப்புழு, வீட்டு ஈ, வண்டு ஆகியவற்றின் வழியாக வருகிறது. சில மில்லிமீட்டரே நீளமுள்ள டாவேனியா நத்தையின் வழியாக வருகிறது. தென்னந்தோப்பில் எறும்பு, உமிக்கு அடியில் கருவண்டு, மழையில் வாய்க்கால் ஓரமெங்கும் நத்தை என்று உங்கள் பண்ணையில் இத்தனைக்கும் இடம் இருக்கிறது. கூண்டுக் கோழியில் இது பெரும்பாலும் ஈயோடும் வண்டோடும் நிற்கும்.

அடுத்து ஒரு கோழி இறந்தால் புதைக்க வேண்டாம். அன்றே, கெடுவதற்குள், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு செல்லுங்கள். முடியாதபோது மருத்துவரின் வழிகாட்டுதலோடு, கையுறை அணிந்து, சிறுகுடலை நீளவாக்கில் கிழித்துத் தண்ணீர் ஊற்றிய கருந்தட்டில் விரித்துப் பாருங்கள். தட்டையான புழு உடல் மிதந்து தெரியும், தலை மட்டும் சுவரில் ஒட்டியிருக்கும். குடற்சுவரில் சிறு முடிச்சுகள் இருந்தால் ரெய்லியெட்டினாவில் ஓரினம் அப்படிச் செய்யும், காசநோய் முடிச்சு என்று அதை மயங்கியவர்களும் உண்டு. சிற்றினமான டாவேனியாவைத் தேட வேண்டுமானால் குடலின் முதல் வளைவைத் தண்ணீருக்குள் பொறுமையாகப் பார்க்க வேண்டும். குருட்டுக் குடலையும் திறந்து பாருங்கள், ஹெட்டராகிஸ் என்னும் சிறு வெண்புழு அங்கே இருக்கும். ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று இறந்தால் மட்டும் எதையும் அறுக்காதீர்கள். பறவைக் காய்ச்சல் போன்றவற்றை முதலில் விலக்க வேண்டியிருப்பதால் மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

நாட்டுரகம்:
நாடாப்புழு இருந்தால் இரத்தக்கழிச்சல் இருக்காது என்று எந்த நூலும் சொல்லவில்லை. எச்சத்தில் இரத்தம் தெரியவில்லை என்பதால் விலக்கிவிட முடியாது. குருட்டுக் குடலைத் தாக்கும் இனத்தில்தான் இரத்தம் நன்றாகத் தெரியும், சிறுகுடலின் முற்பகுதியைத் தாக்கும் இனத்தில் வெண்கோடுகளும் மெலிவும்தான் இருக்கும்.

கால்நடை மருத்துவர், பாபநாசம் வட்டம்:
நீங்கள் சொல்வது சரி, அதற்குத்தான் எச்சப் பரிசோதனை. ஆனால் ஐமீரியாவின் முட்டையுறைகள் சில, தரையில் வளரும் பெரும்பாலான கோழிகளில் இருக்கும். எண்ணிக்கையும் குடலில் உள்ள புண்களும் சேர்ந்தே நோயைச் சொல்லும். ஏழு மாதக் கோழிக்கு அதற்குள் எதிர்ப்பாற்றல் வந்திருக்க வாய்ப்பு மிகுதி. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சாக இருந்திருந்தால் நானும் உங்கள் பக்கமே முதலில் பார்த்திருப்பேன். எச்சப் பரிசோதனையில் நாடாப்புழு தென்படாமல் போவதும் உண்டு, ஏனெனில் அதன் முட்டைகள் கண்ணிக்குள் அடைபட்டு வருகின்றன. பரிசோதனைத் தாளில் புழு இல்லை என்று வந்தால் பருக்கைகளை நம்புங்கள்.

மன்னை முட்டைக்கடை:
இடையில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒருவர் டோல்ட்ராசுரில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், இவை முட்டையிடும் கோழிகள். உண்பதற்கான முட்டையிடும் கோழிக்கு உரிய மருந்தன்று அது. முட்டையில் அந்த மருந்தின் மிச்சம் நெடுநாள் தங்கும். நாட்டுக்கோழி முட்டையை மருந்தில்லாதது என்று நம்பிக் குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வாங்கிப் போகிறார்கள். எந்த மருந்து கொடுத்தாலும், முடித்தபின் எத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது என்பதையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.

நாட்டுரகம்:
கோழியின் வகையும் வயதும் தெரியாதபோது எழுதியது அது. முட்டைக்கோழி என்று இப்போது தெரிந்தபின் அதைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

மூலிகைத் தோட்டம்:
இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் வேப்பிலை, தும்பை, பாகல், பூண்டு, மஞ்சள், வாழைத்தண்டு ஆகியவற்றை அரைத்துத் தீவனத்தில் கலந்து கொடுங்கள் என்கிறேன். எங்கள் கோழிகளுக்கு மாதந்தோறும் கொடுக்கிறோம். முட்டையை ஒருநாளும் கீழே கொட்டியதில்லை.

கூளக்கணக்கு (மூத்த உறுப்பினர்):
பெயருக்கு நான்கு கோழி வளர்க்கிறவர் சொல்லும் மருந்தை 600 கோழிக்கு எப்படி அரைப்பது? ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது?

மூலிகைத் தோட்டம்:
எத்தனை கோழி வளர்க்கிறேன் என்று நான் எழுதவே இல்லையே, ஐயா. அரைவை இயந்திரம் இல்லாத பண்ணை இப்போது எது? உங்கள் சொல்லில் அனுபவம் இருக்கிறது என்று மதித்துத்தான் படிக்கிறோம். மற்றவர்களைச் சிறுமைப்படுத்தி எழுதாமலும் அதைச் சொல்லலாம்.

குத்தாலம் பண்ணை:
மூலிகையைப் புழு வராமல் காக்க, தீவனம் எடுக்கத் தூண்டக் கொடுப்பதை நானும் எதிர்க்கவில்லை. குடலில் தலை பதித்துவிட்ட நாடாப்புழுவை அது வெளியேற்றியதா என்பதை அறுத்துப் பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். முட்டை குறைந்து நிற்கும் பண்ணைக்காரரிடம், பார்த்தறியாத ஒன்றை நம்பி இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கால்நடை மருத்துவர், பாபநாசம் வட்டம்:
வெட்டாற்றங்கரை நண்பருக்கு: நாடாப்புழுவுக்கு நிக்லோசமைடு, பிராசிகுவான்டல் ஆகியவை உண்டு; அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகையிலும் பயன் கிடைக்கும். எது, எவ்வளவு, முட்டையை எத்தனை நாள் ஒதுக்குவது என்பதை உங்கள் கோழியின் சராசரி எடையைப் பார்த்து மருந்தக மருத்துவர் எழுதித் தரட்டும்; பார்க்காத கோழிக்கு நான் அளவு எழுத மாட்டேன். கொடுக்கும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பலர் கோட்டை விடுவது அங்கேதான். அல்பெண்டசோல் தண்ணீரில் கரையாது. வெள்ளையாகக் கலங்கித் தெரிந்தாலும் சிறிது நேரத்தில் தொட்டியின் அடியில் படிந்துவிடும். முதலில் குடித்த கோழிக்கு ஒன்றுமில்லை, கடைசியில் குடித்ததற்கு மிகுதி. மேலும் மழை நாளில் கோழி குறைவாகவே தண்ணீர் குடிக்கும். ஆகவே காலையில், ஓரிரு மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவு தீவனத்தில் நன்றாகப் பிசைந்து கொடுப்பது மேல். பலமான சேவல் விரட்டாதபடி தீவனத்தட்டுகளைக் கூடுதலாக வையுங்கள், இல்லாவிட்டால் மெலிந்த கோழிக்குத்தான் மருந்து போய்ச் சேராது. மருந்து கொடுத்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தோப்பில் விடாமல் உள்ளேயே வைத்து, விழுந்த எச்சத்தையும் மேல்கூளத்தையும் அள்ளி மூடிய குழியில் மக்க விடுங்கள். எறும்புக்கும் வண்டுக்கும் என்று கோழி கிளறும் இடத்தில் பூச்சிக்கொல்லித் தூள் தூவ வேண்டாம். அதையும் கொத்தித் தின்னும்.

மன்னை முட்டைக்கடை:
இன்னும் ஒன்று கேட்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் உடைத்த முட்டைக்குள் புழு இருந்தது என்று ஒரு முறை கொண்டுவந்து காட்டினார். அது இந்தப் புழுதானா? மனிதர்களுக்குப் பரவுமா?

கால்நடை மருத்துவர், பாபநாசம் வட்டம்:
அது உருண்டைப்புழு. பெரும்பாலும் எச்சத்துளை வழியாக முட்டைக்குழாயில் ஏறி, ஓடு மூடுவதற்குமுன் உள்ளே சிக்கிக்கொள்வது, அரிதாக நடக்கும். மனிதக் குடலில் அது வாழாது. ஆனால் அந்த முட்டை வந்த பண்ணையில் புழுச்சுமை மிகுதி என்பதற்கு அது போதுமான சான்று, பண்ணைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

வெட்டாற்றங்கரை:
மருந்தகத்தில் ஒரு கோழியை அறுத்துப் பார்த்தார்கள். நாடாப்புழுதான், குடற்சுவரில் முடிச்சுகளும் இருந்தன. ஐமீரியா சிறிதளவே என்றார்கள். எழுதித் தந்த மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்தாயிற்று, முட்டையைச் சொன்ன நாள் வரை ஒதுக்குகிறோம். மேற்கு ஓரத்து உமியை அள்ளியபோது அடியில் கருவண்டு நிறைய இருந்தது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

கால்நடை மருத்துவர், பாபநாசம் வட்டம்:
நல்லது. வண்டுக்குள்ளும் எறும்புக்குள்ளும் முன்பே இருக்கும் இளம்புழு இந்த மருந்தால் சாகாது. அதைத் தின்ற கோழியில் இரண்டு மூன்று வாரத்தில் கண்ணிகள் மறுபடி விழத் தொடங்கும். அந்த வாரங்களில் பிற்பகல் எச்சத்தைத் தவறாமல் பாருங்கள், பருக்கை தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லி மறுபடியும் மருந்து கொடுங்கள். கிழக்கு ஓரத்து உமியையும் அதற்குள் அள்ளிவிடுங்கள்.

குத்தாலம் பண்ணை:
எந்த மருந்து எழுதித் தந்தார்கள், முட்டை எத்தனை நாளில் ஏறியது என்பதைப் பின்னர் இங்கே பதியுங்கள், ஐயா. எங்கள் கொட்டகை உமியிலும் அந்தக் கருவண்டு இருக்கிறது.