புதுப்பிப்பு: ஜின் காக்டெய்ல் வகுப்புக்குப் போய் வந்தோம்

தோழிகளோடு ஜின் காக்டெய்ல் (ஜின் என்ற மதுவோடு சாறு, பாகு எல்லாம் கலந்த பானம்) செய்யக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போகலாமா, கூட வரும் ஒருத்தி குடிக்க மாட்டாள், அவளுக்குச் சரிப்படுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் நடந்த வகுப்புக்குப் போய் வந்தோம். தாராளமாகப் போகலாம்!

ஜினுக்கு அடிப்படை வாசனையே ஜூனிப்பர் காய்தான். முதலில் அதை நசுக்கி முகரக் கொடுத்தார்கள். அப்புறம் 60 மில்லி ஜின், 30 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு, நிறைய ஐஸ். எல்லாவற்றையும் ஷேக்கர் என்ற மூடி போட்ட குவளையில் ஊற்றி, அதன் வெளிப்புறம் பனி பூத்து, கை மரத்துப்போகும்வரை குலுக்க வேண்டும். சாறு சேர்ந்தால் குலுக்கு, மது மட்டும் என்றால் கரண்டியால் கலக்கு என்பது பொது விதி. மேலே போடும் கறிவேப்பிலையைக் கசக்காமல், இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒரு தட்டு தட்டினால் போதும். என்ன மணம்! அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

1915இல் ராஃபிள்ஸ் ஹோட்டலில் மது கலக்கும் வேலையில் இருந்த ஙியாம் டோங் பூன் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற காக்டெய்லும் செய்தோம். ஜினோடு செர்ரி மது, அன்னாசிச் சாறு எல்லாம் சேரும்.

குடிக்காத தோழிக்கு ஜினுக்குப் பதில் டானிக் வாட்டரும் (லேசாகக் கசக்கும் சோடா) கலமான்சி என்ற சின்ன எலுமிச்சையின் சாறும். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் எல்லாம் தயாராக இருந்தது. நீங்களும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வண்டியை எடுக்காமல் எம்ஆர்டி ரயிலில் போங்கள்.